ஏழு வீட்டுக்கும் யார் போய்ச் சொன்னது

எங்கள் நூலகத்துக்கு வரும்போதெல்லாம் அவர் கையில் ஒரு வயர் கூடை இருக்கும். அடியில் நூலகப் புத்தகம். அதற்கு மேலே, வெளியே நீட்டிக்கொண்டு தெரிகிற மாதிரி, இரண்டு முருங்கைக்காயோ ஒரு கட்டுக் கீரையோ இருக்கும். காய் வாங்காத நாட்களில் முந்தின நாளின் வாடிய முருங்கைக்காயையே வைத்துக்கொண்டு வருவார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஒருநாள் கேட்டே விட்டேன்.

"கையில காய்கறி தெரிஞ்சா சனம் பயப்படாது மேடம்" என்றார். "கடைக்கு வந்துட்டுப் போறா போலன்னு நெனச்சுக்கிடும்."

அவர் காவல்துறையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். திருச்சுழி, நரிக்குடி, மல்லாங்கிணறு என்று இந்தப் பக்கத்து ஸ்டேஷன்களிலேயே மாறி மாறி வேலை பார்த்து, கடைசியில் திருச்சுழியிலேயே ஒரு வாடகை வீட்டில் தங்கிவிட்டார். கல்யாணம் ஆகவில்லை. அவர் பெயர் எனக்குத் தெரியும், உறுப்பினர் அட்டையில் எழுதியதே நான்தான். ஆனால் அந்தப் பெயரை ஊரில் ஒருவர் வாயிலும் நான் கேட்டதில்லை. ஏட்டம்மா என்பார்கள். அதையும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள்.

நான் அருப்புக்கோட்டைக்காரி. மாற்றலாகித் திருச்சுழியில் இந்த நூலகத்துக்கு வந்த புதிதில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏட்டம்மா உள்ளே நுழைந்தால் பேப்பர் படித்துக்கொண்டிருப்பவர்கள் எல்லாரும் ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பார்கள். அவர் கூடையைக் கீழே வைத்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் '10.42' என்று நிமிஷத்தோடு நேரம் எழுதிவிட்டு உட்கார்ந்த பிறகுதான் குனிவார்கள். பக்கத்து நாற்காலியில் யாரும் உட்கார மாட்டார்கள். லஞ்சம் வாங்கியவரோ, அடித்து மிரட்டியவரோ என்று நினைத்துக்கொண்டேன்.

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதுகிறவர் ஒருவர் தினமும் பேப்பர் படிக்க வருவார். அவர்தான் சொன்னார்.

"சேச்சே, அவுக மேல ஒரு குத்தம் சொல்ல முடியாது. ஆனா பாருங்க, ரோட்டுல அடிபட்டாலும் சரி, கெணத்துல விழுந்து செத்தாலும் சரி, வீட்டுக்குத் தகவல் சொல்ல இவுகதான் வருவாக. பொம்பளைப் போலீஸுன்னா வீட்டுப் பொம்பளைகளத் தாங்கிப் பிடிச்சுக்கிடலாம்னு இவுகளத்தான் அனுப்புறது. இந்தப் பக்கம் பாதி ஊருக்குள்ள இவுக ஏறியிருக்காக. ஏறுன வீட்டுல எல்லாம் எழவு."

அதன் பிறகு கவனித்தேன். அவர் மெயின் ரோட்டை விட்டு இறங்கவே மாட்டார். தெருவுக்குள் போனால் வாசலில் மிளகாய் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருக்கிற பெண்கள் கையை நிறுத்திவிடுவார்கள். எந்த வீட்டுப் பக்கம் திரும்புகிறார் என்று தெரு முழுக்க ஒரே பார்வையாகப் பார்க்கும். ஓய்வு பெற்று, காக்கியைக் கழற்றி, நூல் சேலை கட்டி வந்தாலும் அப்படித்தான். ஒருமுறை ரவிக்கை தைக்க ஒரு தையல்காரம்மா வீட்டுக்குப் போயிருக்கிறார். அந்த அம்மாள் இவரைப் பார்த்ததும் கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டு, "திருப்பூர்ல இருக்கிறவனா, சின்னவனா?" என்று கேட்டாளாம். துணியை எடுத்து நீட்டி, அளவு ரவிக்கையையும் காட்டி, அவள் கத்தரிக்கோலைத் திரும்பக் கையில் எடுக்கிற வரைக்கும் நின்றுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார். அன்றிலிருந்து டவுனில் ரெடிமேடாக வாங்கிப் போட்டுக்கொள்வார். இதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் இல்லை. ஸ்டேஷனில் டைரி எழுதுகிற மாதிரி சொன்னார்.

அவர் படிப்பது கொலைக் கதை மட்டும். குடும்ப நாவல் ஒன்றை நல்ல கதை என்று நானே எடுத்துக் கொடுத்தேன். நாலாம் நாளே திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்.

"இதப் படிச்சா அழுக வருது மேடம். கொலைக் கதையில அழுக வராது. அதான் எனக்குத் தோது."

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நூலகத்தில் வாசகர் வட்டம் நடத்திக்கொண்டிருந்தேன். வட்டம் என்று சொல்ல ஆறேழு பேர்தான். பத்திர எழுத்தர், கல்லூரியில் படிக்கிற ஒரு பெண், நூல் மில்லில் சூப்பர்வைசராக இருக்கிற ஒருவர், ஏட்டம்மா. மற்றவர்கள் வருவார்கள், போவார்கள். அந்த வருடம் வந்த புதுப் புத்தகங்களில் நீல அட்டை போட்ட ஒரு தடித்த நாவல் இருந்தது. சென்னையில் ஒருவன் வரிசையாகப் பெண்களைக் கொல்கிறான். ஏழு பெண்கள். ஒரு பெண் இன்ஸ்பெக்டர் அவனைத் தேடிப் பிடித்து, கடைசி அத்தியாயத்தில் சுட்டுக் கொல்கிறார். அந்தப் புத்தகத்துக்கு எங்கள் நூலகத்தில் அப்படியொரு கிராக்கி. ஒருவர் திருப்பித் தந்தால் அடுத்தவர் வாசலிலேயே வாங்கிக்கொண்டு போவார். எல்லாரும் படித்தாகிவிட்டதால் அந்த மாதம் அதைப் பற்றியே பேசலாம் என்று வைத்தோம்.

பத்திர எழுத்தர்தான் ஆரம்பித்தார். "அந்த டாக்டர்தான் கொலகாரன்னு எனக்குத் தொண்ணூறாம் பக்கத்துலயே தெரிஞ்சு போச்சு. கைய அத்தன தடவ கழுவுறானே, அப்பவே பிடிச்சுட்டேன்."

கல்லூரிப் பெண்ணுக்கு இன்ஸ்பெக்டரைப் பிடித்திருந்தது. "அவங்க யாருக்காகவும் காத்திருக்க மாட்டாங்க மேடம். மேலதிகாரி வேண்டாம்னு சொன்னாலும் தனியாவே புல்லட்ட எடுத்துக்கிட்டுப் போறாங்க. பொண்ணுன்னா அப்படித்தான் இருக்கணும்."

மில் சூப்பர்வைசர் அதிகம் பேசாதவர். அன்று தயங்கித் தயங்கிச் சொன்னார். "எனக்கு அந்தக் கொலகாரன் சின்னப் பிள்ளையா இருந்த பகுதிதான் மனசுல நிக்குது. அவ்வளவு அடி வாங்கி வளந்தவன். பாவம்னு பட்டுச்சு."

"ஏழு பொம்பளைகளக் கொன்னவன் பாவமா?" என்று பத்திர எழுத்தர் சிரித்தார்.

நான் ஏட்டம்மாவைப் பார்த்தேன். போலீஸில் இருந்தவர், நிறையச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் புத்தகத்தை மடியில் வைத்து அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்காரு" என்றார். "மூணு தடவ படிச்சேன். அந்த இன்ஸ்பெக்டரம்மா நல்ல பிள்ள, தைரியமான பிள்ள. துப்பாக்கி எல்லாம் அது நெனச்சப்ப எடுக்குது, எனக்கு வருசத்துக்கு ஒரு தடவ பயிற்சிக்குத்தான் குடுப்பாக. அது கெடக்கட்டும், கததானே. ஆனா ஒண்ணு கேக்கணும் மேடம். ஏழு பேரு செத்திருக்காக. ஏழு வீட்டுக்கும் யாரு போய்ச் சொன்னது?"

ஏட்டம்மா மடியிலிருந்த புத்தகத்தைத் திறந்து பக்கங்களைத் தள்ளினார்.

"நானும் தேடித் தேடிப் பாத்தேன். பொணம் கெடைக்குது. போட்டோ எடுக்காக. ஆஸ்பத்திரிக்குப் போகுது. இன்ஸ்பெக்டரம்மா வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னாடி நின்னு அழுகுது. அது எதுக்கு அழுகுது? அழுக வேண்டியவுகளுக்கு இன்னும் தெரியவே தெரியாதே."

"அதெல்லாம் கதைக்குத் தேவையில்ல ஏட்டம்மா. கத நின்னுபோகும்" என்றார் பத்திர எழுத்தர்.

"தேவையில்லதான்" என்று உடனே ஒப்புக்கொண்டார்.

மில் சூப்பர்வைசர் செருப்பை மாட்டிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் வெளியே போய்விட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது போல என்று நினைத்தேன்.

கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு ஏட்டம்மா மேசைக்கு வந்தார். எங்களிடம் வாசகர் கருத்துப் பதிவேடு என்று ஒரு நீள நோட்டு உண்டு. 'மின்விசிறி சுற்றவில்லை', 'வார இதழ் வருவதில்லை' என்று யாராவது எப்போதாவது எழுதி வைப்பார்கள். அதைக் காட்டி, "இதுல எழுதலாமா மேடம்? கொஞ்சம் கூட ஆகும்" என்றார். நாவலையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு வாசலோரத்து நாற்காலிக்குப் போனார். அந்த வாரம் முழுக்க வந்து எழுதினார். ஒரு தடவை எழுதியதை அடிக்கவே இல்லை. எழுதி முடித்ததும் கீழே கையெழுத்தும் நேரமும் போட்டு என்னிடம் தந்துவிட்டு, "வாரேன்" என்று கிளம்பிவிட்டார்.

அந்தப் பக்கங்களிலிருந்து கொஞ்சம் இங்கே எழுதுகிறேன்.

'முதல் பெண். புடவைக் கடையில் வேலை. தகப்பனார் கிடையாது, தாயார் மட்டும். காலை ஏழு மணிக்குப் போனேன். தாயார் வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். வாளியை வாங்கி வைத்தேன். உள்ளே போவோம் என்றேன். இன்னும் கோலம் போடவில்லை என்றார். போடட்டும் என்று நின்றேன். போட்டு முடித்த பிறகு சொன்னேன்.'

'மூன்றாவது பெண். நர்ஸ். கணவர் வெளிநாட்டில். வீட்டில் மாமியாரும் எட்டு வயது மகனும். அடுப்பில் குழம்பு கொதித்தது. அடுப்பை அணைத்தேன். பையனைப் பக்கத்து வீட்டில் விட்டேன். அவன் போகும்போது, அம்மாவுக்கு நைட் டியூட்டியா என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லக் கூடாது. இல்லை என்றும் சொல்லக் கூடாது. சாப்பிட்டியா என்று கேட்டேன். மாமியாரைத் தரையில் உட்கார வைத்து, நானும் உட்கார்ந்து சொன்னேன். நின்றுகொண்டு சொன்னால் விழுந்துவிடுவார்கள்.'

'ஐந்தாவது பெண். நூலில் பெயர் மட்டும் இருக்கிறது. அடையாளம் தெரிந்தது என்று ஒரே வரி. விலாசம் இல்லை. விசாரித்ததில் பெண்கள் விடுதியில் இருந்ததாகத் தெரிந்தது. அறையில் கூட இருந்த பெண்ணிடம் சொன்னேன். அந்தப் பெண்ணுக்குச் சொந்த ஊர் தெரியவில்லை. சொல்ல வேண்டிய ஆள் இன்னும் கிடைக்கவில்லை. விசாரித்து வருகிறேன்.'

ஏழு முடிந்ததும் எட்டு என்று ஒன்று இருந்தது.

'எட்டு. அவனுக்கும் தாயார் உண்டு. அவனைச் சுட்டதோடு நூல் முடிந்துவிடுகிறது. நான் போனேன். தெருவில் ஒருவரும் வழி காட்டவில்லை. சொன்னதும் தாயார் அழவில்லை. வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டார். இல்லை என்றேன். சாயங்காலம் வரை கூட இருந்தேன். வேறு யாரும் வரவில்லை.'

நான் கதவைச் சாத்திவிட்டு அதை இரண்டு தரம் படித்தேன். அன்று நரிக்குடியிலிருந்து வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போனேன்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஏட்டம்மா வரவில்லை. நான் அந்தப் பக்கங்களை வாசித்துக் காட்டினேன். கல்லூரிப் பெண் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். மில் சூப்பர்வைசர் எல்லாரும் கலைந்த பிறகும் உட்கார்ந்தே இருந்தார்.

"எங்க வீட்டுக்கும் அவுகதான் வந்தாக" என்றார்.

அவருடைய தங்கை மில் வேன் கவிழ்ந்து இறந்துபோனவள். அவரும் அப்போது அதே மில்லில்தான், வேறு ஷிப்டு. "அம்மா வாசல் முத்தத்துல கொத்தமல்லி காயப்போட்டுக்கிட்டிருந்துச்சு. இவுக வந்து அம்மா பக்கத்துல குத்தவச்சு, கூடச் சேந்து மல்லியப் பரப்பி விட்டாக. பரப்பிக்கிட்டே பேரு என்ன, ஊரு எதுன்னு பேசிக்கிட்டிருந்தாக. அப்புறம்தான் அம்மா கையப் பிடிச்சுக்கிட்டாக. சாயங்காலம் வரைக்கும் போகல. ஆட்டுக்குத் தண்ணி காட்டுனது அவுகதான். வீட்டுல ஒருத்தருக்கும் ஆட்டு நெனப்பே இல்ல."

"அவங்ககிட்ட நீங்க பேசினதே இல்லையா?"

"ரெண்டு நாற்காலி தள்ளி உக்காந்திருக்கேன். இத்தன வருசமா ஒரு வார்த்த பேசுனதில்ல. ரோட்டுல எதுக்க வந்தா அந்தப் பக்கம் போயிருவேன். கோவமெல்லாம் இல்ல மேடம். அவுக முகத்தப் பாத்தா அந்த நாளுதான் தெரியுது."

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. நன்றி கெட்ட ஊர் என்றுகூட மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். நான் அப்படியில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பு இரண்டு வாரம்கூட நிற்கவில்லை.

என் கணவர் லாரி ஓட்டுகிறவர். மல்லி, வத்தல், சிமெண்ட் என்று எது கிடைத்தாலும் லோடு ஏற்றிக்கொண்டு கேரளா வரைக்கும் போவார். ஒரு வியாழக்கிழமை மதியம் நூலகத்தைப் பூட்டிவிட்டு வந்து, திருச்சுழி பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது என் போனை அங்கேயே வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். அருப்புக்கோட்டையில் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. எங்கே விட்டேன் என்று தேடிக்கொண்டிருக்கையில் வாசலில் யாரோ கூப்பிடுகிற சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தேன்.

ஏட்டம்மா நின்றுகொண்டிருந்தார். கையில் கூடை இல்லை.

 கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். "எங்க? எந்த இடத்துல?" என்று ஒரு குரல் கேட்டது. அது என் குரல் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எதிர் வீட்டுப் பெண்கள் வெளியே ஓடி வந்தார்கள்.

அவர் சட்டென்று மூன்று படியும் பின்னாலேயே இறங்கித் தெருவுக்குப் போய்விட்டார். அங்கே நின்று போனைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

"போனு தாயி, போனு. பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல கெடந்துச்சு. ஒண்ணுமில்ல. உங்க வீட்டுக்காரருகிட்ட இப்பத்தான் பேசுனேன். அவுகளே கூப்பிட்டு வீட்டு விலாசம் சொன்னாக. தென்காசி தாண்டிட்டாகளாம். டீ குடிச்சுக்கிட்டிருக்காகளாம்."

நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். எதிர் வீட்டுக்காரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஏட்டம்மா போனை அவள் கையில் கொடுத்து என்னிடம் தரச் சொன்னார். தானாக என் பக்கம் வரவில்லை.

"உள்ள வாங்க" என்றேன். வாயில்தான் அது வந்தது. அவர் உள்ளே வந்துவிடக் கூடாதே என்றுதான் மனதுக்குள் இருந்தது. அது அவருக்குத் தெரிந்திருக்கும். எத்தனை முகத்தைப் பார்த்தவர்.

"இருக்கட்டும். மொதல்ல அவுகளுக்குப் போன் போட்டு அவுக கொரலக் கேளுங்க. அதுவரைக்கும் படபடப்பு நிக்காது" என்றார். "அவசரத்துல வந்துட்டேன். எதையாச்சும் கையில வாங்கிட்டு வந்திருக்கணும்."

வெயிலில் தெருக்கோடி வரை நடந்துபோனார். திருச்சுழியிலிருந்து ஒரு போனுக்காகப் பஸ் ஏறி வந்தவருக்கு நான் ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கவில்லை.

அதற்கப்புறம் அவர் நூலகத்துக்கு வருவது நின்றுபோனது. செவ்வாய்க்கிழமை வரை பார்த்தேன். புதன்கிழமை மதியம் நூலகத்தைப் பூட்டிக்கொண்டு அவர் வீட்டைத் தேடிப் போனேன். குண்டாற்றுக்குப் போகிற வழியில் கடைசி வீடு. அதற்கப்பால் கருவேலங்காடுதான். வாசலில் செருப்பு ஒரே ஒரு ஜோடி. கதவைத் தட்டினேன். உள்ளே ரேடியோ சத்தம் நின்றது.  மறுபடி தட்டினேன்.

கதவு திறந்தது. என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. கை தாழ்ப்பாளை விடவில்லை.

"யாருக்கு தாயி?" என்றார்.

"யாருக்கும் ஒண்ணுமில்லக்கா. சும்மா உங்களப் பாக்கத்தான் வந்தேன்."

அவர் அதை நம்புவதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. "என் தங்கச்சிக்குத்தான் என்னமோன்னு நெனச்சுட்டேன்" என்று சொல்லி, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "இந்தக் கதவ யாரும் தட்டுறதில்ல. கரண்டு பில்லுக்காரன்கூட வெளியவே குறிச்சுட்டுப் போயிருவான்."

ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. அதில் என்னை உட்கார வைத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தார். பால் வாங்குகிற பழக்கம் இல்லை என்று கடுங்காப்பி போட்டார். ஒரே டம்ளர்தான் இருந்தது. அதை எனக்குக் கொடுத்துவிட்டு அவர் சின்னக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டார். நான் அன்றைய தினத்துக்காக மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது உங்க தப்பில்ல. ஒரு விசயம் சொல்லுறேன். பொம்பளைப் போலீஸுன்னு என்னைய அனுப்புனாகன்னு சனம் சொல்லுது பாருங்க, அது பொய்யி. நானாக் கேட்டு வாங்குனேன்."

வேலையில் சேர்ந்த புதிதில், புஞ்சைக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் அவள் மகன் கண்மாயில் மூழ்கிவிட்டதைச் சொல்ல ஒரு போலீஸ்காரரோடு போயிருக்கிறார். அந்த ஆள் பைக்கை நிறுத்தவே இல்லையாம். வரப்போரமாக மெதுவாக ஓட்டியபடியே, "ஒம்மகன் போயிட்டான், பெரியாஸ்பத்திரிக்கு வா" என்று சத்தம் போட்டுவிட்டுப் போய்விட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த ஏட்டம்மா திரும்பிப் பார்த்திருக்கிறார். "அந்தப் பொம்பளைக்குச் சரியாக் கேக்கல. கைய நெத்தியில வச்சு எங்களப் பாத்துச்சு. பாத்துட்டு மறுபடி களையெடுக்கக் குனிஞ்சிருச்சு. அது குனிஞ்சத நான் பாத்துக்கிட்டே போனேன். மறுநாளு ஸ்டேஷன்ல கேட்டேன், இனிமே சொல்லுற வேலைய எனக்குக் குடுங்கன்னு. ஒருத்தரும் வேண்டாம்னு சொல்லல. யாருக்குப் பிடிக்கும் அந்த வேல?"

"அப்புறம் விட்டிருக்கலாமே அக்கா?"

"எப்பிடி விட? விட்டா மறுபடி எவனாச்சும் பைக்குல போயிச் சொல்லுவான்." காப்பியை ஒரு மடக்குக் குடித்தார். "என்னையப் பொண்ணு பாக்க ஒருதடவ வந்தாக. மாப்பிள்ளயோட அம்மா வாசல்லயே நின்னுருச்சு. அவுக வீட்டுக்காரரு லாரியில அடிபட்டப்ப நாந்தான் போயிருந்தேன். எனக்கும் ஞாபகம் வந்துருச்சு. அவுகளும் ஒண்ணும் சொல்லல, நானும் ஒண்ணும் சொல்லல. காப்பி மட்டும் குடிச்சுட்டுப் போனாக. கேட்டு வாங்குனதுக்கு யாரு மேல கோவப்பட?"

நான் போகும்போது வாசல் வரை வந்தார். "மறுபடி வருவீகளா?" என்று கேட்டார். வருவேன் என்றேன். வாரத்துக்கு ஒருமுறையாவது போனேன். என் வீட்டுக்கும் கூப்பிட்டேன், மனதாரவே கூப்பிட்டேன். அவர் வரவில்லை. "அந்தத் தெருக்காரவுக எதுக்கு வீணாப் பயப்படணும்?" என்பார்.

அடுத்த வருடம் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற அவருடைய தங்கை மகளுக்குக் குழந்தை பிறந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். போவதா வேண்டாமா என்று ஒரு மாதம் யோசித்தார். கிளம்புகிற அன்று அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு நான் போயிருந்தேன். ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு பை. நாங்கள் இரண்டு பேரும் பெட்டியைத் தூக்க முடியாமல் நிற்கையில் மில் சூப்பர்வைசர் வந்தார். நான்தான் முந்தின நாள் அவரிடம் சொல்லியிருந்தேன், ஆனால் வருவார் என்று நினைக்கவில்லை. ஒன்றும் பேசாமல் பெட்டியைத் தோளில் ஏற்றிக் கொண்டுபோய் பஸ்ஸுக்குள் வைத்தார். துண்டைப் போட்டு ஜன்னலோரம் இடம் பிடித்தார்.

ஏட்டம்மா அவர் முகத்தைப் பார்த்தார். "அம்மா நல்லாருக்காகளா?"

"நல்லாருக்காக. உங்களக் கேட்டாக."

அந்த அம்மாள் உண்மையிலேயே கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. நான் அவரிடம் விசாரிக்கவும் இல்லை. பஸ் திரும்பி மதுரை ரோட்டில் ஏறுகிற வரைக்கும் மில் சூப்பர்வைசர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

இப்போது நூலகத்தில் வாசகர் வட்டம் இல்லை. கல்லூரிப் பெண் படிப்பு முடிந்து சென்னைக்குப் போய்விட்டாள். பத்திர எழுத்தருக்குக் கண்ணில் புரை. பதினொரு மணிக்கு மேல் சில நாட்களில் நான் மட்டும்தான். ஏட்டம்மா எப்போதாவது போன் செய்வார். போன வாரம் அப்படி ஒரு மதியம் கூப்பிட்டார். குழந்தைக்குப் பல் முளைத்த கதை, அங்கே தண்ணீர் தித்திப்பாக இருக்கிற கதை எல்லாம் சொன்னார். அப்புறம் அலுத்துக்கொண்டார்.

"பக்கத்து வீட்டுல ஒரு பிள்ள இருக்கு தாயி. ஒரு நாளைக்கு மூணு தடவ கதவத் தட்டுறா. சீனி இருக்கான்னு வாரா. துணிய எடுத்தீகளா, மழை வருதுன்னு வாரா. ஒண்ணுமே இல்லாட்டியும் சும்மா வாரா. மதியம் கண்ண மூட விடுறதில்ல."

"கதவத் தெறக்காதீங்க" என்றேன் சிரித்துக்கொண்டே.

"அதெப்பிடி?" என்றவர் பேச்சை நிறுத்தினார். அந்தப் பக்கம் கதவு தட்டுகிற சத்தம் எனக்கே கேட்டது. "இருங்க தாயி, அவதான்."

போனை எங்கேயோ வைத்துவிட்டு எழுந்து போனார். தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது. ஒரு இளம்பெண் கொங்குத் தமிழில் என்னவோ கேட்டாள். "உள்ள வா, உள்ள வந்து பேசு" என்றார் ஏட்டம்மா. நாற்காலி இழுபட்டது. பாத்திரம் வைக்கிற சத்தம். குழந்தை எதற்கோ கெக்கலித்தது. இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். என்ன பேச்சு என்று வார்த்தை பிடிபடவில்லை.

என்னோடு பேசிக்கொண்டிருந்ததை அவர் மறந்துவிட்டார். நான் கூப்பிடவில்லை. நூலகத்தில் யாரும் இல்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமல் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.